லண்டனின் போர்க் கையறுநிலைப் பாடல்கள்

தலைவன் மாண்டபின் அவனைச் சார்ந்தோர் செயலற்றுப் புலம்பும் பாட்டைத் தமிழ் இலக்கணம் கையறுநிலை என்கிறது. பாரி மகளிரின் புறநானூற்றுப் பாட்டு இதற்குப் பேர்போனது. லண்டனில் இவ்வகைக் கவிதை பெருகியது முதல் உலகப் போரின்போது. களத்தில் விழுந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுவருவதற்கு பிரிட்டிஷ் அரசு 1915இல் தடை போட்டது. எடுக்கப் பிணமில்லை, பக்கத்தில் போய் அழக் கல்லறையில்லை. 1920இல் வைட்ஹாலில் கல்லில் எழுந்த போர் நினைவுச்சின்னமான செனடாப்பின் பெயருக்கே வெற்றுக் கல்லறை என்றுதான் பொருள்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய லாரன்ஸ் பின்யன், போர் மூண்ட ஏழாம் வாரத்திலேயே, 1914 செப்டம்பர் 21 அன்று, டைம்ஸ் நாளிதழில் ஓர் இரங்கற்பா வெளியிட்டார். அதன் நான்கு அடிகள் இன்றும் நவம்பர்தோறும் ஓதப்படுகின்றன. அந்தப் பாட்டில் துயரத்தோடு பெருமிதமும் உண்டு. பதுங்குகுழிச் சேற்றில் கிடந்து எழுதியவர்களிடம் அந்தப் பெருமிதம் நிலைக்கவில்லை. கிழக்கு லண்டனின் ஏழை யூத வீட்டுப் பிள்ளை ஐசக் ரோசன்பர்க் 1918 ஏப்ரல் 1 அன்று கொல்லப்பட்டார். வில்ஃப்ரட் ஓவன் 25 வயதில், போர் முடிய ஒரே வாரம் இருக்கையில் மாண்டார். ஷ்ரூஸ்பரியில் போர் ஓய்ந்த மணிகள் ஒலித்துக்கொண்டிருந்தபோதுதான் பெற்றோர் கைக்குத் தந்தி வந்தது.

1920இல் இங்கிலாந்து வந்திருந்த தாகூருக்கு ஓவனின் தாய் சூசன் கடிதம் எழுதினார். மகன் கடைசியாக விடைபெற்றபோது சொன்னவை தாகூரின் வரிகள். திரும்பி வந்த அவன் குறிப்பேட்டிலும் தாகூரின் பெயரோடு அவை இருந்தன. எந்த நூலில் முழுப்பாடலும் கிடைக்கும் என்று கேட்டிருந்தார். அவ்வாண்டு லண்டனில் வெளிவந்த ஓவனின் கவிதை நூலை இக்கடிதத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 16 போர்க் கவிஞர்களுக்கு 1985 நவம்பர் 11 அன்று நினைவுக்கல் திறக்கப்பட்டபோது, அவர்களில் ராபர்ட் கிரேவ்ஸ் ஒருவரே உயிரோடிருந்தார். அதே ஆண்டில், போர் மூண்டிருந்த ஈழத்தில் 'மரணத்துள் வாழ்வோம்' கவிதைத் தொகுப்பு வெளிவந்தது. சேரன், யேசுராசா, நடராசன் ஆகியோரோடு அதைத் தொகுத்த இ. பத்மநாப ஐயர், பின்னர் லண்டனில் குடியேறி, 'கிழக்கும் மேற்கும்', 'யுகம் மாறும்' முதலிய தொகுப்புகளை அங்கிருந்தே கொண்டுவந்தார்.

ஈழத்திலிருந்து லண்டனுக்குப் புலம்பெயர்ந்தவருக்குச் சாவுச் செய்தி தொலைபேசியில் வந்தது. செத்தவீட்டுக்குப் போக வழியில்லை. அந்தியேட்டியும் லண்டனிலேயே கழிந்தது. 2009 மே மாதம் ஈழப் போர் முடிந்தபின், விடுதலைப் புலிகள் தம் போராளிகளை அடக்கம் செய்த மாவீரர் துயிலும் இல்லங்களையும் இலங்கை இராணுவம் இடித்துத் தரைமட்டமாக்கியது. இந்தப் போரின் இழப்புகளைப் பாடிய சேரனின் கவிதைகளை லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் ஆங்கிலமாக்கி 2013இல் பிரிட்டனில் வெளியிட்ட நூலில், ஒரு பக்கத்தில் தமிழ் நிற்க, எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலம் நிற்கிறது.