பீர்க்கு: வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பும் பறிப்பும்

பீர்க்கு, வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுக் கொடி. தாவரவியலில் இதன் பெயர் லஃபா அக்கியூட்டாங்குலா. காயின் மேல் நீளவாக்கில் ஓடும் 10 வரம்புகள் இதன் அடையாளம். வரம்பில்லாமல் வழவழப்பாக இருப்பது நுரைப்பீர்க்கு. அது இதே பேரினத்தைச் சேர்ந்த லஃபா ஈஜிப்டியாக்கா என்ற வேறு இனம். உடம்பு தேய்க்கும் நார் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. அமெரிக்க, ஐரோப்பியத் தோட்டங்களில் விளையும் சுக்கினியைப் போலவே பீர்க்கையும் பிஞ்சிலேயே பறிக்க வேண்டும்; பீர்க்கை முற்றவிட்டால் வெறும் நார்.

சங்கப் பாடல்களில் ‘பீர்’ என வழங்கும் இதன் மஞ்சள் பூ, தலைவியின் பசலைக்கு உவமையாகிறது. பதிற்றுப்பத்திலோ பாழ்பட்ட மனையின் வேலிமேல் இந்தக் கொடி ஏறிக் கிடக்கிறது. ஆள் கவனிக்காத இடத்திலும் தழைத்துப் படரும் கொடி என்பதற்கு அதுவே பழைய சாட்சி. ஆனால் தழைப்பது வேறு, காய்ப்பது வேறு.

விதைப்பும் பந்தலும்

தமிழ்நாட்டில் ஆடிப் பட்டமும் தைப் பட்டமும் பீர்க்குக்கு உரியவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களில் கோ 1 சுமார் 2 அடி நீளக் காய்களையும், கோ 2 சுமார் 3 அடி நீளக் காய்களையும் தரும். இவை தோட்டத்துக்குப் பொருந்தும். மாடியில் வளர்ப்பவர்களுக்கு ஓரடி நீளத்தில் காய்க்கும் நாட்டு ரகங்களே வசதி.

விதை கறுப்பாக, கெட்டி ஓட்டுடன் இருக்கும். ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து ஊன்றினால் ஒரு வாரத்தில் முளைத்துவிடும். தரையில் ஒன்றரை அடி ஆழக் குழி எடுத்து, மக்கிய சாணத்தை மேல்மண்ணுடன் கலந்து நிரப்பி, குழிக்கு 4 விதை ஊன்றி, பிறகு நன்றாக வளரும் 2 நாற்றுகளை மட்டும் விட்டுவைப்பது வழக்கம். மாடியில் 15 அங்குலத்துக்குக் குறையாத பைக்கு ஒரு செடி போதும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். பூக்கும் பருவத்தில் மண் காய்ந்தால் பூ உதிரும்.

தரையில் படரவிட்டாலும் கொடி காய்க்கும். ஆனால் அந்தக் காய் வளைந்துபோகும், மண் பட்ட பக்கம் அழுகும். பந்தலில் தொங்கும் காய் தன் எடையாலேயே நேராக நீளும். பந்தலின் உயரம் 6 அடியைத் தாண்ட வேண்டாம். பறிக்க எட்டாத காய் எப்படியும் முற்றிப்போகும். கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பிரிந்து படரும்.

பூக்கும் நேரம்

வீட்டுத் தோட்டத்தில் பீர்க்கு ஏமாற்றுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே வரும். ஆண் பூக்கள் ஒரே காம்பில் கொத்தாக இருக்கும். பெண் பூ தனியாக நிற்கும். அதன் அடியில் குட்டிக் காய் ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்தே இனம் கண்டுகொள்ளலாம். முதலில் வருபவை ஆண் பூக்கள் மட்டுமே. கொடி பூத்தும் காய்க்கவில்லையே என்ற கவலை இந்த நாட்களில்தான் எழுகிறது, அது தேவையற்றது. பகல் நீண்டு வெயில் ஏறும்போதும், தழைச்சத்து மிகும்போதும் ஆண் பூக்கள் இன்னும் அதிகமாகும். வயலில் பெண் பூக்களைக் கூட்ட, செடி சிறிதாக இருக்கும்போதே 250 பி.பி.எம். எத்ரல் கரைசலை வாரம் ஒரு முறையாக 4 முறை தெளிக்கப் பரிந்துரைக்கிறார்கள். நாலைந்து கொடி வைத்திருப்பவருக்கு அது வேண்டாத வேலை. யூரியாவைக் குறைத்தாலே பலன் தெரியும்.

பீர்க்கு பூப்பது அந்திப் பொழுதில். மாலை 5 மணிக்கு மேல் விரியும் பூ இரவெல்லாம் திறந்திருந்து மறுநாள் காலையில் வாடும். இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள் மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கின்றன. சுக்கினியும் பூசணியும் விடியலில் பூப்பவை. நுரைப்பீர்க்கும் காலையில் பூப்பதுதான். ‘காலையில் கையால் மகரந்தம் சேருங்கள்’ என்று அந்தப் பயிர்களுக்குச் சொன்ன யோசனையை அப்படியே பீர்க்குக்கும் சொல்லிவிடுகிறார்கள். காலையில் கையில் கிடைப்பது நேற்றைய பூ. பூச்சி நடமாட்டம் இல்லாத உயர்மாடிகளில், மாலை 6 மணிவாக்கில் புதிதாக விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவினால் போதும். மகரந்தம் சேராத பிஞ்சு சில நாளில் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்துவிடும்.

பூச்சிகள்

முளைத்த புதிதில் இலைகளைச் சல்லடையாக்குவது சிவப்பு வண்டு; விடியற்காலையில் அது மந்தமாக இருக்கும்போது கையால் பிடித்து அழிக்கலாம். பெரிய எதிரி பழ ஈ. இளம் பிஞ்சைத் துளைத்து முட்டையிடும். புழு உள்ளே தின்னத் தின்னக் காய் கோணி, பிசின் வடிந்து, அழுகும். இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் ஈக்கள் மட்டுமே சிக்குவதால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. பிஞ்சுக்குக் காகிதப் பை மாட்டுவது வீட்டளவில் நல்ல வழி. சொத்தைக் காயைக் கொடியடியில் வீசினால் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த தலைமுறை அங்கிருந்தே கிளம்பும். நோய்க்கென்று செம்பு, கந்தகத் தூள்களைத் தூவக்கூடாது, இலை கருகும்.

பறிப்பு

விதைத்த 2 மாதத்துக்குள் முதல் பறிப்பு கிடைத்துவிடும். பூத்த ஒரு வாரத்தில் காய் பதத்துக்கு வருகிறது. நீளத்தை வைத்துப் பதம் பார்க்க முடியாது, அது ரகத்துக்கு ரகம் மாறும். வரம்பு விரலுக்கு வளைந்து கொடுக்க வேண்டும், நகம் பட்டால் தோல் சட்டென்று கீறுபட வேண்டும், கையில் கனம் தெரிய வேண்டும். முற்றிய காய் உருவத்தில் பெரிதாகி எடையில் லேசாகிவிடும். கொடியைப் பிடித்து இழுக்காமல் காம்போடு கத்தரிப்பது நல்லது.

இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பறித்துக்கொண்டே இருந்தால்தான் கொடி தொடர்ந்து காய்க்கும். நாலு காய் முற்றிவிட்டால் சத்தெல்லாம் விதைக்குப் போய், புதுப் பிஞ்சு பிடிப்பது குறையும்.

சமைக்குமுன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பது கட்டாயம். கசந்தால் அதில் குக்குர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள் மிகுந்திருக்கிறது. வேகவைத்தாலும் அது போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். கசப்பில்லாத காயில் வீணாவது ஒன்றுமில்லை: சதை கூட்டுக்கும் பஜ்ஜிக்கும், சீவிய தோல் துவையலுக்கும் ஆகும்.

விதைக்கு, பருவத்தின் பாதியில் பிடித்த நல்ல காய் ஒன்றைக் கொடியிலேயே காயவிட வேண்டும். காய்ந்ததும் நுனியில் மூடி போன்ற பகுதி கழன்று, அந்த ஓட்டை வழியே விதைகள் உதிரும். பக்கத்து வீட்டுக் கொடியின் மகரந்தம் கலக்காமல் ரகத்தைக் காக்க நினைப்பவர்கள், மறுநாள் மாலை விரியவிருக்கும் ஆண், பெண் மொட்டுகளை முன்கூட்டியே நூலால் கட்டிவைத்து, மாலையில் அவிழ்த்துக் கையால் மகரந்தம் சேர்த்து, பெண் பூவை மீண்டும் கட்டிவிடுகிறார்கள்.