எந்த மருந்து, என்ன காரணம்: ஜெனீவாப் பட்டியலும் தமிழ்நாட்டுப் பட்டியலும்

பூந்தமல்லி அரசு மருத்துவமனைக்குச் சர்க்கரை நோய்க்காக வருபவர் கையில் எந்த இன்சுலின் போய்ச் சேரும் என்பது, அவர் சீட்டு வாங்க வரிசையில் நிற்பதற்கு வெகு முன்பே ஒரு பட்டியலில் முடிவாகிவிடுகிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் அது. அதற்கு மூத்தது, ஜெனீவாவில் இருக்கும் உலக சுகாதார நிறுவனம் 1977-இல் வெளியிட்ட மாதிரிப் பட்டியல். ஜெனீவா எது தேவை என்று சொல்வதோடு நின்றுவிடும். வாங்கிக் கொடுக்கும் பாரம் அதற்கில்லை. கழகத்துக்கு அந்தப் பாரமும் உண்டு. ஆனாலும் ஒரு கேள்வியை இரண்டிடமும் கேட்கலாம்: இந்த மருந்தை ஏன் சேர்த்தீர்கள், அந்த மருந்தை ஏன் விட்டீர்கள்?

முதலில் நம் வீட்டுப் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். கழகம் 1994 ஜூலையில் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டு முதல் மருந்து வழங்கத் தொடங்கியது. அதற்குமுன் ஒரு மருத்துவமனையில் மருந்து தேங்கிக் காலாவதியாகும். இன்னொன்றில் அதே மருந்து இருக்காது. கழகம் வந்தபின், தகுதிக்கு ஓர் உறை, விலைக்கு ஓர் உறை என்று ஒப்பந்தப்புள்ளிகள் பிரிக்கப்பட்டன. மாவட்டக் கிடங்குக்கு வரும் மருந்தின் மாதிரி, தயாரித்த நிறுவனத்தின் அடையாளம் மறைக்கப்பட்டு ஆய்வகத்துக்குப் போகிறது. தேறாத மருந்தைக் கொடுத்த நிறுவனம் கறுப்புப் பட்டியலில் ஏறலாம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதற்கான ஒதுக்கீட்டுக்குள் தனக்கு வேண்டியதை அதுவே கேட்டு எடுத்துக்கொள்ளும். கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதே வழியில் தங்களுக்கெனக் கழகங்களை அமைத்தன. என்ன விலைக்கு, யாரிடம் வாங்கினோம் என்பதை மறைக்க முடியாதபடி செய்தது பெரிய சாதனைதான்.

தேர்வு செய்யும் இடத்துக்கு வந்தால் நிலைமை வேறு. வல்லுநர்கள் கூடித்தான் முடிவெடுக்கிறார்கள். ஆனால் நம் கைக்கு வரும் பட்டியலில் மருந்தின் பெயரும் அளவும் இருக்கும், காரணம் இருக்காது.

ஜெனீவாவின் பலம் அந்தக் காரணத்தில்தான் இருக்கிறது. ஒரு மருந்தைச் சேர்க்கக் கோருபவர் ஆய்வுச் சான்றுகளோடு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் எல்லோரும் படிக்கக் கிடைக்கும். அதைப் பரிசீலிக்கும் குழுவின் உறுப்பினர்கள் மருந்து நிறுவனங்களோடு தங்களுக்குள்ள தொடர்பை அறிவிக்க வேண்டும். ஏற்றாலும் தள்ளினாலும் அறிக்கையில் விளக்கம் வரும்.

நீண்ட நேரம் வேலை செய்யும் கிளார்ஜின் வகை இன்சுலின்களின் கதை இதற்கு நல்ல சான்று. 2017-இலும் 2019-இலும் அவற்றைச் சேர்க்கக் கோரியபோது குழு மறுத்தது. சாதாரண மனித இன்சுலினைவிடக் கிடைக்கும் நன்மை சிறிது, விலை வித்தியாசமோ பெரிது என்பது அதன் வாதம். 2021-இல் அவற்றைச் சேர்த்துக்கொண்டது. போட்டி பெருகி விலை இறங்கி, தேவைப்படுவோருக்குக் கிடைக்க வேண்டும் என்பதும் அந்த முடிவின் நோக்கம். முடிவு மாறியது, மாறியதற்கான காரணமும் எழுத்தில் இருக்கிறது. எனக்கு அந்த முடிவைவிட இந்த எழுத்துதான் முக்கியமாகப் படுகிறது. பன்றிக்காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்ட ஒசெல்டாமிவிர்கூடப் புதிய சான்றுகள் வந்தபின் 2017-இல் முதன்மைப் பட்டியலிலிருந்து துணைப் பட்டியலுக்கு இறக்கப்பட்டது.

டெல்லி வெளியிட்ட 2022-ஆம் ஆண்டு தேசியப் பட்டியலிலும் கிளார்ஜின் இடம்பெற்றது. காரணம் நோயாளிக்குத் தெரியாவிட்டால் என்ன ஆகும்? தனியார் மருத்துவர் கிளார்ஜின் எழுதிக்கொடுத்த ஒருவர், செலவு தாங்காமல் அரசு மருத்துவமனைக்கு வந்து மனித இன்சுலினைப் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மட்டமான மருந்தைக் கொடுத்துவிட்டார்கள் என்று அவர் நினைத்தால் ஊசியையே நிறுத்திவிடக்கூடும். பலருக்கு மனித இன்சுலினே போதும், மிச்சமாகும் பணத்தில் இன்னும் பலருக்கு ஊசி கிடைக்கும் என்று அவருக்கு யார் சொல்வது? ஜன்னலுக்கு உள்ளே நிற்கும் மருந்தாளுநரிடமும் காட்டுவதற்கு ஒரு தாள் இல்லை.

ஜெனீவாவைப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. எந்த ஊரில் எந்த மருந்து எவ்வளவு செலவாகிறது என்ற கணக்கு ஜெனீவாவிடம் இல்லை. நம் பாஸ்புக்குகளிலும் கிடங்குக் கணினிகளிலும் இருக்கிறது. அந்தக் கணக்கையும் ஆய்வுச் சான்றையும் சேர்த்து, புதிதாக நுழையும், நீங்கும், மறுக்கப்படும் ஒவ்வொரு மருந்துக்கும் தமிழில் ஒரு பக்க விளக்கம் வெளியிடலாம். கூடவே குழுவினர் பெயரும், மருந்து நிறுவனங்களோடு அவர்களுக்குள்ள தொடர்பும் வரட்டும். விலையைத் திறந்து காட்டத் துணிந்த ஒரு கழகத்துக்கு இது எட்டாத வேலையில்லை. இன்சுலினிலிருந்தே தொடங்கலாம்.