உத்திரமேரூர்க் கல்வெட்டுகளும் வேட்பாளரின் தனியொழுக்கமும்

முன்னுரை

பொதுப்பொறுப்பை நாடுவோரின் தனிவாழ்க்கையை வாக்காளர் கருத்திற் கொள்ளவேண்டுமா என்னும் வினாவிற்கு இருவகை விடைகள் கூறப்படுகின்றன. இல்லத்தில் நேர்மையற்றவர் மன்றத்தில் நேர்மையுடன் நடவார் என்பர் ஒருசாரார். ஆட்சித்திறனும் கைத்தூய்மையும் போதும், பிற பற்றி ஊரார்க்குக் கவலை வேண்டா என்பர் மற்றொரு சாரார். இவ்விரு விடைகளுக்கும் நெடிய வரலாறு உண்டு. முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளையும் இன்றைய இந்தியத் தேர்தல் சட்டத்தையும் ஒப்புநோக்கி இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சான்றுகளின் தன்மை

உத்திரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய (கி.பி. 919, 921) இரு கல்வெட்டுகள் உள்ளன. இவை சதுர்வேதிமங்கலத்துச் சபையார் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கச் செய்த வியவஸ்தையைக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய அவ்வோலையை உள்ளங்கையில் ஏற்று வாசித்தான். இவ்வாறு தேர்ந்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் உரியராயினர். பதவிக்காலம் 360 நாள். வாரியம் செய்வோரிடம் குற்றம் காணப்பட்டால் உடனே நீக்கவும் விதி இருந்தது.

முதல் வியவஸ்தை வகுத்த முப்பது முதல் அறுபது வரையிலான வயதெல்லை, இரண்டே ஆண்டுகளில் முப்பத்தைந்து முதல் எழுபது வரை என மாற்றப்பட்டது. தீயோர் கெட்டு நல்லோர் பெருகவேண்டும் என்பதே திருத்தத்தின் நோக்கமாகச் சுட்டப்படுகிறது.

விலக்கப்பட்டோர்

கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, பொருள்தூய்மை, மனத்தூய்மை ஆகியன வேண்டப்பட்ட தகுதிகள். ஆயினும் தகுதிகளைவிடத் தகுதியின்மைகளே இங்கு நுணுகி நோக்கத்தக்கன. அவற்றை மூன்று வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, பொறுப்புச் சார்ந்த குற்றம். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டார். அவருடைய சிற்றவ்வை பேரவ்வை மக்கள், அத்தை மாமன் மக்கள், மாமனார், மைத்துனன், மருமகன், தந்தை, மகன் முதலிய உறவினரும் விலக்கப்பட்டனர். இரண்டாவது, பிறர்க்குத் தீங்கு செய்தல். பிறர் பொருள் கவர்ந்தவர், பொய்யாவணம் செய்த கூடலேகையர், கிராமகண்டகர் எனப்படும் ஊர்க்குக் கேடானவர் ஆகியோர் இதில் அடங்குவர். மூன்றாவது, தூய்மை சார்ந்த ஒழுக்கம். உறவுகொள்ளத் தகாதாரைக் கூடிய அகமியாகமனம், விலக்கப்பட்ட உணவை உண்ணல், பதிதரொடு கலத்தல் ஆகியன இவ்வகையின. இவற்றுட் சிலவற்றிற்குப் பிராயச்சித்தம் செய்து தூய்மை பெற்றாலும் வாழ்நாள் முழுவதும் குடவோலையில் பெயர் எழுதப்படாது.

பொதுவாழ்வு, தனிவாழ்வு என்னும் பாகுபாடு இக்கல்வெட்டுகளில் இல்லை என்பது இதனால் விளங்கும். கணக்குக் காட்டாமையும் அகமியாகமனமும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. பிறநூல் மரபு இதனின்று வேறுபடுவது ஒப்புநோக்கத்தக்கது. அமைச்சரை அறம், பொருள், இன்பம், அச்சம் என்னும் நால்வகையால் சோதிக்கக் கூறும் அர்த்தசாத்திரம், பொருட்சோதனையில் தேறியவரைக் கருவூலப் பணிக்கும், இன்பச் சோதனையில் தேறியவரைக் கேளிக்கை இடங்களின் காவலுக்கும், நான்கிலும் தேறியவரை அமைச்சுக்கும் உரியராக்குகிறது. திருக்குறளின் தெரிந்துதெளிதல் அதிகாரமும் இந்நால்வகைச் சோதனையை அறிந்துள்ளது. எப்பணிக்கு எவ்வொழுக்கம் என்னும் வினா அங்கு எழுந்தது. உத்திரமேரூரில் அது எழவில்லை.

இதற்குக் காரணம் தேர்வுமுறையிலேயே உள்ளது எனலாம். குடவோலை என்பது வாக்களிப்பு அன்று, அது திருவுளச்சீட்டு. சிறுவன் கை ஆளை அறியாது. ஆகவே ஆளை அறியும் பணி முழுவதும் ஓலை எழுதுமுன்பே முடிந்தாகவேண்டும். விலக்குப் பட்டியல் நீண்டமைக்கு இதுவே அடிப்படை.

இன்றைய சட்டம்

வாக்களிப்பு முறையில் ஆளை அறிபவர் வாக்காளரே. எனவே சட்டத்தின் விலக்குப் பட்டியல் குறுகியும், வாக்காளர்க்குரிய செய்தி பெருகியும் இருத்தல் இயல்பு. 2002 மே மாதம் உச்சநீதிமன்றம், வேட்பாளரின் குற்றவழக்கு, சொத்து, கல்வி ஆகியவற்றை அறிவது வாக்காளரின் உரிமை எனத் தீர்ப்பளித்தது. அதனை முடக்க முயன்ற 33-பி பிரிவு 2003 மார்ச்சில் செல்லாததாக்கப்பட்டது. வாழ்க்கைத் துணைவர், சார்ந்திருப்போர் ஆகியோரின் சொத்தும் உறுதிமொழி ஆவணத்தில் இடம்பெறுகிறது. வாரியப் பெருமகனின் உறவினரை நோக்கிய பழைய ஐயம், விலக்காக அன்றிச் செய்தியாக இங்கு உருமாறியுள்ளது. தேர்தல் செலவுக் கணக்கை ஒப்படைக்காதவரை மூன்றாண்டு விலக்கும் 10-ஏ பிரிவோ பழைய விதியின் நேர்வழித்தோன்றல் போலவே காணப்படுகிறது.

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் எட்டாம் பிரிவு இல்லத்தின் வாயிலோடு நின்றுவிடவில்லை. மனைவியைக் கொடுமைப்படுத்திய குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டவரையும், வரதட்சணைத் தடைச் சட்டத்தின்கீழ் ஆறு மாதத்திற்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவரையும் அது விலக்குகிறது. மறுபுறம், பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய 497ஆம் பிரிவை உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பரில் நீக்கியது. தீங்குற்றார் ஒருவர் உள்ளவிடத்து இல்லத்துச் செயலும் பொதுச்செயலாகிறது என்பதே இவற்றால் பெறப்படும் நெறி.

எல்லாவற்றினும் சிந்திக்கத்தக்கது பின்வரும் முரண். பதிதரொடு கலந்தவரை உத்திரமேரூர்ச் சபை விலக்கியது. தீண்டாமை கடைப்பிடித்துத் தண்டிக்கப்பட்டவரை இன்றைய சட்டம் விலக்குகிறது. அன்று கலத்தல் ஒழுக்கக்கேடு. இன்று கலக்க மறுத்தலே குற்றம். ஒழுக்கம் என்னும் ஒரே சொல்லின்கீழ் ஏறத்தாழ நேரெதிரான இரு விதிகள் எழுதப்பட்டுள்ளன.

ஒழுக்கவிதியின் ஆபத்து

நிலமும் வேதமும் உடைய ஒரு சாராரே ஓலைக்கு உரியர் என்ற ஊரில், தூய்மை விதிகள் அச்சாராரின் எல்லையைக் காக்கும் வேலியாகவும் பயன்பட்டன. இவ்வாபத்து பழங்கதை அன்று. இரண்டுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உடையோரை ஊராட்சித் தேர்தலினின்று விலக்கிய அரியானாச் சட்டத்தை 2003இலும், கல்வித்தகுதியையும் வீட்டில் கழிப்பறையையும் வேண்டிய அம்மாநிலத் திருத்தத்தை 2015இலும் உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. இத்தகைய விதிகளின் சுமை ஏழையர்மீதும் பெண்கள்மீதுமே மிகுதியாக விழுகிறது. சட்டமன்றத்திற்கோ நாடாளுமன்றத்திற்கோ போட்டியிடுவோர்க்கு இவ்விதிகள் இல்லாமை கருதத்தக்கது.

முடிவுரை

வேட்பாளரின் தன்னொழுக்கம் பற்றிப் பொய்யுரை பரப்புவதை 123(4) பிரிவு ஊழல் நடவடிக்கை என்கிறது. அவ்வொழுக்கம் வாக்காளரின் முடிவைத் தொடவல்லது என்பதைச் சட்டமே ஏற்றுள்ளமை இதனாற் புலனாகும். ஆகவே, ஒழுக்கத்தை எடைபோடும் உரிமை வாக்காளர்க்கு உண்டு. அதனை விலக்குவிதியாக்கும் அதிகாரம் அரசுக்கு அரிதாகவே இருத்தல் வேண்டும். வேட்பாளரின் செயலால் துன்புற்றார் எவரேனும் உளரா, அவர் கணக்குக் காட்டினாரா என்னும் இரண்டும் வாக்காளர் தயங்காது கேட்கத்தக்க வினாக்கள். அவர் என்ன உண்டார், யாரொடு கலந்தார் என்பன உத்திரமேரூர்ச் சுவரோடு நிற்கத்தக்கன.