உருபை உதிர்த்த மொழி



தோட்டத்து லாரி பின்பக்கமாக வரும்போது கீழே நிற்பவர் என்ன சொல்லிக் கத்துவார்? "கோஸ்தான்! கோஸ்தான்! இன்னும் வா!" என்பார். அது மலாய்ச் சொல் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மலாயிலிருந்துதான் நமக்கு வந்தது, சரி. ஆனால் அதன் பிறப்பிடம் ஆங்கிலக் கப்பற்காரர்களின் பேச்சு. 'கோ' என்றால் போ. 'அஸ்டேர்ன்' என்றால் கப்பலின் பின்பக்கமாக. 'கோ அஸ்டேர்ன்' துறைமுகத்து வாய்களில் உருண்டு உருண்டு, 'கோஸ்தான்' ஆகி, பால்மரக் காட்டுக்குள்ளும் வந்து சேர்ந்துவிட்டது. ஆக, ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாத நம் தாத்தாமார், வினைச்சொல்லையும் திசை காட்டும் சொல்லையும் சேர்த்து ஓர் ஆங்கிலத் தொடரைத் தினமும் பேசியிருக்கிறார்கள்!

இன்னொன்றையும் கவனியுங்கள். "ஆபீசுக்குப் போனேன், ஸ்டோரில் வைத்தேன், பஸ்ஸிலிருந்து இறங்கினேன்" என்கிறோம். ஆபீசு, ஸ்டோர், பஸ் எல்லாம் ஆங்கிலப் பெயர்ச்சொற்கள். ஆனால் 'கு', 'இல்', 'இலிருந்து' நம் சொந்தச் சொத்து. பெயர்களை வாங்கிக்கொண்ட நாம், அவற்றை இணைக்கும் சின்னச் சொற்களை வாங்கவில்லை. 'டு', 'இன்', 'ஃப்ரம்' என்ற அந்த முன்னிடைச் சொற்களில்தான் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். ஆங்கிலம் ஏன் இப்படி அமைந்தது? அதற்கு ஒரு வரலாறு உண்டு. வாருங்கள், காண்போம்.

ஆங்கிலத்துக்கும் உருபு இருந்தது

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் ஆங்கிலர், சாக்சன், சூட் என்ற கூட்டத்தார் இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் கரைகளிலிருந்து பிரிட்டன் தீவுக்குப் போய்க் குடியேறினார்கள். அவர்கள் பேசியதே பழைய ஆங்கிலம். அதில் நம் தமிழைப் போலவே பெயரின் வாலில் உருபு ஒட்டும். கல்லுக்கு அவர்கள் சொல் 'ஸ்டான்'. கல்லினது என்பதற்கு 'ஸ்டானெஸ்', கல்லுக்கு என்பதற்கு 'ஸ்டானெ', கற்களுக்கு என்பதற்கு 'ஸ்டானும்'.

உருபு இருந்தால் என்ன வசதி? "நாய் பூனையைக் கடித்தது" என்றாலும், "பூனையை நாய் கடித்தது" என்றாலும் பொருள் மாறாது. 'ஐ' என்ற ஓர் எழுத்து கடிபட்டது யாரென்று காட்டிக் கொடுத்துவிடும். பழைய ஆங்கிலத்திலும் அப்படித்தான்; அரசன் ஆயரைக் கண்டான் என்பதைச் சொற்களை மாற்றிப் போட்டும் சொல்லலாம். இன்றைய ஆங்கிலத்தில் நாயையும் பூனையையும் இடம் மாற்றினால் கடித்தது பூனை என்று ஆகிவிடும்!

எப்படி உதிர்ந்தது?

ஆங்கிலேயர் சொல்லின் முதல் பகுதியை அழுத்திச் சொல்லுவார்கள். கடைசிப் பகுதி வாய்க்குள்ளேயே போய்விடும். இது ஒரு காரணம். அடுத்த காரணம், வந்தேறிகள். 793இல் வைக்கிங் கடலோடிகள் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடினார்கள். பின்னர் வந்த அவர்கள் இனத்தார் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிப் பெண் கொண்டு, பெண் கொடுத்து வாழ்ந்தார்கள். இரு மொழிகளிலும் வேர்ச்சொல் பெரும்பாலும் ஒத்திருந்தது, வால்தான் வேறு. சந்தையில் மாடு விற்கிறவன் வேரைச் சொன்னால் போதாதா? வால் நழுவியது என்பது அறிஞர் பலர் கருத்து. 'தே', 'தெம்', 'டேக்', 'எக்', 'ஸ்கை' எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்களே.

பிறகு 1066இல் நார்மானிய வில்லியம் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று நாட்டைப் பிடித்தான். அரண்மனையில் பிரெஞ்சு, நீதிமன்றத்தில் பிரெஞ்சு, கோயிலில் லத்தீன். ஆங்கிலமோ உழுகிறவன், மேய்க்கிறவன் வாயில் கிடந்தது. மாட்டை வளர்த்தவன் அதை 'கௌ' என்றான்; அதைத் தின்ற துரை 'பீஃப்' என்றான். முன்னது ஆங்கிலம், பின்னது பிரெஞ்சு. 1362இல்தான் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று சட்டம் வந்தது. இந்த 300 ஆண்டுகளில், உருபை விடாதே என்று திருத்த ஆள் இல்லை. உருபுகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்துபோயின.

தோட்டத்துப் பெற்றோர்களே, இதை மனத்தில் வையுங்கள். உலகை ஆண்ட ஆங்கிலமும் ஒரு காலத்தில் தன் சொந்த ஊரிலேயே பாட்டாளிகளின் மொழி என்று ஒதுக்கப்பட்டுக் கிடந்த மொழிதான்.

இடத்தைப் பிடித்தது யார்?

உருபு போனால் வேலை நிற்குமா? முன்பே துணையாக இருந்த சின்னச் சொற்கள் முழுப் பாரத்தையும் தோளில் ஏற்றன. 'கு' செய்த வேலையை 'டு' எடுத்துக்கொண்டது. 'உடைய' என்பதன் வேலையில் பெரும்பகுதியை 'ஆவ்' எடுத்துக்கொண்டது. சொற்களுக்கும் இடம் நிலைத்துவிட்டது: முதலில் செய்பவன், நடுவில் வினை, பிறகு செயப்படுபொருள். "அவன் பள்ளிக்குப் போனான்" என்பது 'ஹீ வென்ட் டு ஸ்கூல்' ஆகிறது. நம் வாக்கியத்தில் கடைசியில் வரும் வினை அங்கே நடுவில் நிற்கிறது. நம் 'கு' பின்னால் ஒட்டுகிறது, அவர்கள் 'டு' முன்னால் நிற்கிறது. பழைய உருபுகளில் பெயர்ச்சொல்லோடு தப்பிப் பிழைத்தது ஒன்றே. 'கிங்ஸ்' என்றால் அரசனுடைய. அந்த 'ஸ்' பழைய 'எஸ்' உருபின் மிச்சம்.

வினைச்சொல்லும் மாறியது. முன்பு திசைச்சொல் வினையின் தலையில் ஒட்டும். 'வித்ஸ்டேண்ட்' அப்படிப்பட்டது. அக்காலத்தில் 'வித்' என்றால் எதிராக என்று பொருள். ஆகவே எதிர்த்து நில். பின்னாளில் அந்தச் சின்னச் சொல் வினைக்குப் பின்னால் தனியாக நிற்பது பெருகியது. 'கிவ்' என்றால் கொடு, 'கிவ் அப்' என்றால் கைவிடு. 'லுக்' என்றால் பார், 'லுக் ஆஃப்டர்' என்றால் கவனித்துக்கொள். 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, அயல்நாட்டார்க்கு இவை பெரும் தொல்லை என்று முன்னுரையில் எழுதிவைத்தார். ஆகவே நம் பிள்ளைக்கு இது கடினமாக இருந்தால் அது பிள்ளையின் மந்தம் அல்ல.

நம்மிடம் மட்டும் இல்லையா? 'பார்' வேறு, 'பார்த்துக்கொள்' வேறு. பிள்ளையைப் பார்த்துக்கொள் என்பதை வெள்ளைக்காரன் அகராதியில் பிரித்துத் தேடினால் 'பார்', 'கொள்' என்று இரண்டு கிடைக்கும், பொருள் கிடைக்காது!

ஒரு சின்னச் சொல்லின் விலை

என் தகப்பனாருக்குப் புகைக்கூடத்தில் கையில் அடிபட்டது. இழப்பீடு கேட்டு எழுதிப்போட்டோம். பதில் ஆங்கிலத்தில் வந்தது. நான் அப்போது 6ஆம் வகுப்பு. லயத்துத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்க, நான்தான் படித்தேன். 14 நாள் என்ற எண் தெரிந்தது. அதற்கு முன்னால் 'விதின்' என்று இருந்தது. எனக்கு 'இன்' தெரியும், 'விதின்' தெரியாது. "14 நாள் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்கப்பா" என்றேன் பெரிய மனிதன் போல. அப்பா நம்பினார். 16ஆம் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். 14 நாட்களுக்குள் வந்திருக்க வேண்டும், கெடு தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

'இன் 14 டேஸ்' என்றால் பெரும்பாலும் 14 நாள் கழித்து. 'விதின் 14 டேஸ்' என்றால் 14 நாட்களுக்குள். பெயரும் எண்ணும் ஒன்றே. ஒரு சின்னச் சொல்தான் வேறு.

அப்பா என்னை அடிக்கவில்லை. "அடுத்த தடவ சின்ன வார்த்தையையும் சேத்துப் படிய்யா" என்றார், அவ்வளவுதான். அந்தச் சொல் இன்றும் என் காதில் கேட்கிறது.

என்ன செய்யலாம்?

மாணவர்களே, தனிச்சொல்லை மனனம் செய்யாதீர்கள். கூட்டாளியோடு சேர்த்துப் படியுங்கள். 'லிசன்' என்று எழுதாமல் 'லிசன் டு' என்று எழுதுங்கள். 'வெயிட் ஃபார்', 'டிபெண்ட் ஆன்', 'அஃப்ரெய்ட் ஆவ்' என்று ஜோடி ஜோடியாகக் குறித்து வையுங்கள். "லைட்டை ஆன் பண்ணு" என்கிற பழக்கத்தில் 'ஆன் த லைட்' என்று சொல்லிவிடுகிறோம். தமிழில் 'பண்ணு' வினையாக நின்று காப்பாற்றுகிறது. ஆங்கிலத்தில் அங்கே வினையே இல்லை. 'ஸ்விட்ச் ஆன் த லைட்' என்று சொல்லிப் பழகுங்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பிள்ளை கடிதம் படிக்கும்போது, "அந்தச் சின்ன வார்த்தைக்கு என்னப்பா அர்த்தம்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். தெரியவில்லை என்றால் மறுநாள் ஆசிரியரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். தமிழில் 'கு' எங்கே வரும், 'இல்' எங்கே வரும் என்று உணர்ந்த பிள்ளைக்கு, 'டு'வும் 'இன்'னும் எட்டாத கனியல்ல. தாய்மொழியில் காலூன்றி நில்லுங்கள். பிறமொழியையும் அச்சமின்றிக் கைக்கொள்ளுங்கள்.