ஏவிஎம் ஹெரிடேஜ் மியூசியம்

ஏவிஎம் ஹெரிடேஜ் மியூசியம் (திறப்பு: மே 7, 2023) சென்னை வடபழனியில் ஏவிஎம் ஸ்டுடியோ வளாகத்தில் அமைந்த அருங்காட்சியகம். பழைய கார்களும் இருசக்கர வாகனங்களும் படப்பிடிப்புக் கருவிகளும் இங்கு காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. பூந்தமல்லி, ஆவடிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் போரூர் வந்து ஆற்காடு சாலை வழியாக வடபழனியை அடையலாம்.

தோற்றம்

ஏ.வி. மெய்யப்பன் (1907-1979) 1945-ல் ஏவிஎம் நிறுவனத்தைத் தொடங்கினார். போர்க்காலத்திற்குப் பின் 1948-ல் காரைக்குடியிலிருந்து ஸ்டுடியோ சென்னைக்கு மாறியது. மெய்யப்பனின் பேரன் எம்.எஸ். குகன் பழைய வாகனங்களைச் சேகரித்து வந்தார். அவருடைய தொகுப்பே அருங்காட்சியகமாக ஆகியது. தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் அதைத் திறந்துவைத்தார்.

காட்சிப்பொருட்கள்

நாற்பதுக்கும் மேற்பட்ட கார்களும் இருபது அளவில் இருசக்கர வாகனங்களும் இங்குள்ளன. எம்.ஜி.ஆர் பயன்படுத்திய டாட்ஜ் கிங்ஸ்வே, ஜெமினி ஸ்டுடியோ எஸ்.எஸ். வாசனின் பியூக் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. ஏவிஎம் படங்களுக்குப் பயன்பட்ட காமிராக்களும் ஒலி, ஒளிக் கருவிகளும் உடன் வைக்கப்பட்டுள்ளன.

கார்கள் எஞ்சிய விதம்

சென்னைக்குத் தொடக்கம் முதலே மோட்டார் தொழிலுடன் உறவு உண்டு. 1903-ல் சிம்ப்சன் நிறுவனம் இங்கு நீராவிக் கார் ஒன்றைக் கட்டியது. விடுதலைக்குப் பின் மத்திய அரசு உதிரிபாகங்களை இறக்குமதி செய்து கார்களைப் பூட்டி விற்கும் முறையைக் கட்டுப்படுத்தியது. 1953-ல் வந்த கட்டண ஆணையத்தின் பரிந்துரைகளைத் தொடர்ந்து ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ஆகியவை இந்தியாவில் கார் பூட்டுவதை நிறுத்தின. அதன்பின் 1983-ல் மாருதி வரும்வரை சந்தையில் பெரும்பாலும் அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் என்ற மூன்று பெயர்களே இருந்தன.

இதனால் அமெரிக்கக் கார் வைத்திருந்தவர் அதை எளிதில் கைவிடவில்லை. அதுபோல் இன்னொன்று வாங்க வழியில்லை. உடைந்த பாகத்தைப் பட்டறையில் கடைந்தோ, வேறு வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்தியோ பல பத்தாண்டுகள் ஓட்டினர். இன்று அருங்காட்சியகத்தில் நிற்கும் கார்களுக்குப் பின்னால் அந்தப் பெயர் தெரியாத மெக்கானிக்குகளின் உழைப்பு உள்ளது.

எஞ்சாதவை

எல்லா வண்டிகளுக்கும் இந்த வாய்ப்பு அமையவில்லை. பெருங்களத்தூரில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்ட் காரையும், 1970-களில் கெஸல் காரையும், 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 காரையும் தயாரித்தது. 1980-களின் இறுதியில் உற்பத்தி நின்றது. உதிரிபாகம் கிடைக்காமல் போன கார்கள் புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் பிரித்து விற்கப்பட்டன.

மேற்குப் புறநகரின் நிலையும் இதுவே. 1949-ல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் இணைந்து தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள்களைத் தயாரித்தது. ஆவடியில் 1961-ல் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. டாங்கிகளைப் படைப்பிரிவுகள் நினைவுச்சின்னமாக நிறுத்தி வைக்கின்றன. நட்சத்திரங்களின் கார்களை அவர்களின் பெயரே காப்பாற்றுகிறது. பால்காரரும் தபால்காரரும் மில் தொழிலாளியும் ஓட்டிய சைக்கிளோ தேய்ந்ததும் பழைய இரும்புக்கடைக்குப் போய்விடுகிறது.

சட்டமும் பாதுகாப்பும்

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளில் முடிகிறது. அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். 2021-ல் மத்திய அரசு 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் மாறாத வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் இடம்பெறும். அன்றாடப் பயணத்திற்கோ வணிகத்திற்கோ அவ்வண்டியைப் பயன்படுத்த இயலாது.

15 ஆண்டுக்கும் 50 ஆண்டுக்கும் இடையிலுள்ள வண்டி பழசு, ஆனால் பாரம்பரியம் அல்ல. ஸ்டாண்டர்ட் 2000, முதல் மாருதிகள் எல்லாம் இந்த இடைவெளியில் நிற்கின்றன. இவற்றில் எது எஞ்சும் என்பது இப்போதைக்கு உரிமையாளரின் விருப்பத்தையும் வண்டி நிறுத்த அவருக்குள்ள இடத்தையும் பொறுத்தே அமைகிறது. தனிமனிதர் ஒருவரின் ஆர்வத்தால் உருவான வடபழனித் தொகுப்பின் வரலாற்று முக்கியத்துவம் இதுவே.