குடும்பம்சார் சிகிச்சை (உளவழிப் பசியின்மை)

குடும்பம்சார் சிகிச்சை என்பது அனோரெக்சியா நெர்வோசா எனப்படும் உளவழிப் பசியின்மை நோய்க்கு ஆளான பதின்ம வயதினருக்கு, பெற்றோரைக் கொண்டே அளிக்கப்படும் உளமருத்துவ முறை ஆகும். இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானதால் மாட்ஸ்லி முறை என்றும் அழைக்கப்படுகிறது. நோயின் பெயர் சற்றே தவறானது. நோயாளிகளுக்குப் பசி உண்டு. உடல் பருத்துவிடும் என்ற அச்சமும், மெலிந்த உடலையும் பருமனாகக் காணும் பிறழ்ந்த உணர்வுமே அவர்களை உண்ணவிடாமல் தடுக்கின்றன.

வரலாறு

1870களில் இந்நோய்க்குப் பெயரிட்ட ஆங்கில மருத்துவர் வில்லியம் கல், நோயாளியைக் கவனித்துக்கொள்ள உறவினர் ஏற்றவர் அல்லர் எனக் கருதினார். பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரித்து மருத்துவம் பார்க்கும் வழக்கமும், பெற்றோரையே நோய்க்குக் காரணமாகக் காணும் போக்கும் நெடுங்காலம் நீடித்தன. கிறிஸ்டோபர் டேர், ஐவன் ஐஸ்லர், ஜெரால்ட் ரசல் முதலானோர் இதனை மாற்றினர். மருத்துவமனையில் எடை மீட்கப்பட்ட 80 பேரைக் கொண்டு இவர்கள் நடத்திய ஆய்வு 1987 இல் வெளியானது. 19 வயதுக்கு முன் நோய் தொடங்கி, மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீடிக்காதவர்களுக்குத் தனிநபர் சிகிச்சையைவிடக் குடும்ப சிகிச்சை கூடுதல் பயனளித்தது. இதற்கான முதல் கையேடு 2001 இல் வெளிவந்தது.

செயல்முறை

நோய்க்கான காரணம் இங்கு ஆராயப்படுவதில்லை. பட்டினியே சிந்தனையைக் குலைப்பதால், உணவே முதல் மருந்தாகக் கொள்ளப்படுகிறது. முதற்கட்டத்தில் எதை, எவ்வளவு, எப்போது உண்பது என்பதைப் பெற்றோரே முடிவு செய்கின்றனர். உண்டு முடிக்கும்வரை உடன் அமர்ந்திருக்கின்றனர். இரண்டாவது சந்திப்பிற்குக் குடும்பத்தினர் உணவு கொண்டுவந்து சிகிச்சையாளர் முன்னிலையில் உண்பர். பிள்ளை உண்ண விரும்பியதைவிட ஒரு வாயாவது கூடுதலாக உண்ணச் செய்வதே அன்றைய நோக்கம். உடன்பிறந்தோர் ஆறுதலாக இருக்கலாம். கண்காணிப்பு அவர்கள் வேலையன்று. கோபம், அழுகை, உணவை ஒளித்தல் ஆகியன நோயின் செயல்களாகவே கொள்ளப்படும், பிள்ளை பழிக்கப்படுவதில்லை. நடைமுறையில் பெற்றோருக்கு மிகக் கடினமான பகுதி இதுவே.

எடை கூடியபின் இரண்டாம் கட்டத்தில் உணவுப் பொறுப்பு சிறிது சிறிதாகப் பிள்ளையிடம் திரும்புகிறது. இறுதிக் கட்டம் வயதுக்குரிய வளர்ச்சி பற்றியது.

பயனும் வரம்பும்

அமெரிக்காவில் 121 பதின்ம வயதினரிடம் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப் பின் முழுமையாகத் தேறியிருந்தவர்கள் குடும்பம்சார் சிகிச்சையில் 49 விழுக்காட்டினர், தனிநபர் சிகிச்சையில் 23 விழுக்காட்டினர். பாதிப்பேர் முழுமையாகத் தேறவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. நாடித்துடிப்பு மிகக் குறைந்தோருக்கு முதலில் மருத்துவமனைச் சேர்க்கை தேவை. நெடுநாள் பட்டினிக்குப்பின் உணவூட்டும்போது குருதியில் பாஸ்பேட்டு அளவு ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும் என்பதால் மருத்துவக் கண்காணிப்பும் இன்றியமையாதது. உடற்தோற்றம் பற்றிய துயரம் எடை மீண்ட பின்னரும் பல மாதங்கள் நீடிப்பதுண்டு.