வேதத்தோடு வந்த சிரிப்பு



நம் ஆலயத்திற்கு அடிக்கல் இட்டவர் யார், கோபுரம் எழுப்பியவர் யார், இங்கு பணிபுரிந்த குருக்கள் யார் யார் என்பவற்றையெல்லாம் இம்மலரின் ஏனைய பக்கங்களில் படித்திருப்பீர்கள். பங்கின் பதிவேடுகளில் ஞானஸ்நானம் உண்டு, திருமணம் உண்டு, மரணம் உண்டு. சிரிப்புக்கென்று ஒரு பதிவேடு எந்தக் கோயிலிலும் கிடையாது. ஆயினும் நம் முன்னோர் வேதத்தில் சேர்ந்த நாள்முதல் அவர்களோடு ஒரு சிரிப்பும் கூடவே வந்திருக்கிறது. யூபிலி ஆண்டில் அதைப் பற்றியும் நாலு பக்கம் எழுதி வைக்கலாமா என்று மலர்க் குழுவினரைக் கேட்டேன். "எழுதுங்கள், ஆனால் சாமியாரைக் கேலி செய்வதுபோல் இருக்கக்கூடாது" என்றார்கள். சம்மதித்தேன். (கட்டுரையின் நடுவில் ஒரு குரு வருகிறார். அவரைப் படைத்தவரும் ஒரு குருவே ஆதலால் பழி என்மேல் இல்லை.)

இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) கூடி, பூசையை அவரவர் மொழியில் நிறைவேற்ற வழி திறந்தது. அதற்கு முன், நாங்கள் சிறுவராயிருந்த காலத்தில், திருவிழா நாள்களில் தேவமாதாவின் பிரார்த்தனையை இலத்தீனில் பாடுவார்கள். உபதேசியார் மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மக்கள் அனைவரும் "ஓரா ப்ரோ நோபிஸ்" என்று பதில் கூறவேண்டும். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பது அதன் பொருள். எங்களுக்குப் பொருள் எங்கே தெரியும்? மாலை நேரம், வயிற்றில் பசி, கோயிலுக்கு வெளியே திருவிழாக் கடைகளின் மணம். சிறுவர் வரிசையில் அது எப்படியோ "ஒரு ஆப்பம் நோபிஸ்" என்று ஆகிவிட்டது. பட்டத்துக்கு ஓர் ஆப்பம் என்று கணக்கிட்டால் பிரார்த்தனை முடிவதற்குள் நாற்பது, ஐம்பது ஆப்பம் தேறும்.

ஒருநாள் உபதேசியார் இதைக் கேட்டுவிட்டார். என் காதைப் பிடித்துத் திருகியதோடு நில்லாமல், வீடுவரை வந்து பாட்டியிடம் முறையிட்டார். பாட்டி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "உபதேசியாரே, அவன் அம்மைகிட்டதானே கேட்டான்? பசிச்ச பிள்ள அம்மைகிட்ட கேக்காம வேற ஆருகிட்ட கேக்கும்?" என்றாள். உபதேசியார் மறுமொழி கூறவில்லை. வெற்றிலைச் செல்லத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

இப்படிச் சொல் தடுமாறுவது நம்மிடையே நானூற்றெண்பது ஆண்டுப் பழக்கம். அவற்றுள் மிகப் பெரிய தடுமாற்றம் எந்தச் சிறுவனாலும் நேர்ந்ததன்று. புனித பிரான்சிஸ் சவேரியாராலேயே நேர்ந்தது.

சவேரியார் 1542 மே 6-ஆம் நாள் கோவாவில் வந்திறங்கினார். அவ்வாண்டின் இறுதிக்குள் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். அவருடைய தாய்மொழி பாஸ்க்கு. மக்கள் பேசியது தமிழ். அவர் சொல்வது இவர்களுக்குப் புரியாது, இவர்கள் சொல்வது அவருக்குப் புரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்த சிலரைக் கூட்டி வைத்து, பல நாள் பாடுபட்டு, செபங்களைத் தமிழில் ஆக்கி, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக ஒலித்துச் சென்று, நாளுக்கு இருமுறை மக்களைக் கூட்டிக் கற்பித்தார். 1544-ஆம் ஆண்டு சனவரியில் கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் சபையினருக்கு எழுதிய கடிதத்தில் இவற்றை அவரே விவரிக்கிறார்.

அந்தச் செபங்களில் விசுவாசப் பிரமாணமும் ஒன்று. "விசுவசிக்கிறேன்" என்று வரவேண்டிய இடத்தில், மொழிபெயர்த்துக் கொடுத்தவர்கள் "எனக்கு வேணும்" என்று போட்டுவிட்டார்கள். சவேரியாருக்கு வேறுபாடு தெரியவில்லை. அப்படியே மனப்பாடம் செய்தார், அப்படியே கற்பித்தார். மணற்பரப்பில் ஊர் முழுவதும் கைகூப்பி நின்று, சந்தையில் மீன் கேட்பதுபோல் "வேணும்" என்று சொன்ன காட்சியைச் சற்றே நினைத்துப் பாருங்கள். புனிதரும் அவர்களுக்கு முன்னே நின்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிழை பின்னர் அவருக்கு விளங்கியது. 1544-இல் தம் உடன் உழைப்பாளரான பிரான்சிஸ்கு மன்சிலாசுக்கு எழுதிய மடல் ஒன்றில், "வேணும்" என்பது விருப்பத்தைக் குறிக்கும் சொல், அதை நீக்கிவிட்டு விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை வைத்துச் சொல்லிக்கொடும் என்று அறிவிக்கிறார். கிறிஸ்து பலவந்தத்தால் பாடுபட்டார் என்று பொருள்படும் ஒரு சொல்லும் செபத்தில் புகுந்திருந்தது. அவர் மனமுவந்து பாடுபட்டவர் ஆதலால் அதையும் விலக்கச் சொல்கிறார். மொழிபெயர்த்தவர்கள்மேல் அவர் பழி போடவில்லை. நாம் சொல்லி வந்தது தவறு, இனி இப்படிச் சொல்வோம் என்பதே செய்தி. அதே மன்சிலாசுக்கு எழுதிய வேறு மடல்களில், அடங்காத பிள்ளைகளிடம் நல்ல தகப்பன் நடந்துகொள்வதுபோல் மக்களிடம் நடந்துகொள்ளும்படி அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வதைக் காணலாம்.

என்னைக் கேட்டால், அந்த "வேணும்" அவ்வளவு பெரிய தவறும் அன்று. என் பாட்டி இருந்திருந்தால் சவேரியாருக்கும் சமாதானம் சொல்லியிருப்பாள். ஆயினும் திருத்தியது நன்றே. வேணும் என்று நாம் சொல்லாத நாள் ஏது? விசுவசிக்கிறேன் என்று சொல்லத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அவ்வாண்டின் இறுதியில் சவேரியார் நம் திருவிதாங்கூர்க் கடற்கரைக்கு வந்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகவும், ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரை எழுதிக் கொடுத்ததாகவும் 1545 சனவரியில் எழுதினார். கோட்டாறு ஆலயமும் நம் மறைமாவட்டங்களும் அந்த ஒரு மாதத்தை இன்றும் நினைத்துக்கொண்டிருக்கின்றன. தம் பிழையைத் தாமே எடுத்துச் சொல்லக் கூசாத ஒருவரிடமிருந்துதான் நாம் வேதம் பெற்றோம் என்பதையும் அதோடு சேர்த்து நினைக்கலாம்.

சவேரியாருக்குப் பின் வந்தவர் ஹென்றி ஹென்றிக்கஸ் அடிகளார். துபாசிகளை நம்பியிராமல் தமிழை முறையாகக் கற்றவர், இலக்கணமும் எழுதியவர். 1578-இல் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" இவர் தந்த நூலே. இந்திய மண்ணில் தமிழெழுத்தில் அச்சேறிய முதல் நூல் அது. (1930-இல் கோட்டாறு மறைமாவட்டம் பிரியும் வரை நாமும் கொல்லத்துக்காரர்கள்தான் என்பதால் இதில் நமக்கும் சிறிது பெருமை உண்டு.) இவர் காலத்தில் வேறொரு தொல்லை. போர்த்துக்கீசியர் பூசையை "மிசா" என்பார்கள். நம்மவர் வாயில் அது "மீசை" ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீசைக்குப் போகவேண்டும், மீசை காணாமலிருப்பது பாவம்! பின்னர் "பூசை" என்ற சொல் வழக்கில் வந்தது. இன்று திருப்பலி என்று சொல்லப் பழகிவிட்டோம். ஆனால் நம் பெரியவர்கள் "பூசைக்குப் போறேன்" என்று சொல்லும்போதெல்லாம், பின்னால் ஒரு மீசை மறைந்து நிற்பது எனக்குத் தெரியும்.

இனி நான் முன்பே கூறிய குரு. வீரமாமுனிவர் என்னும் ஜோசப் பெஸ்கி 1680-இல் இத்தாலியில் பிறந்து, 1710-இல் இந்தியா வந்து, 1747-இல் மறைந்தவர். தேம்பாவணி பாடிய அதே கை "பரமார்த்த குருவின் கதை"யையும் எழுதியது. 1822-இல் பெஞ்சமின் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் அதை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சிட்டார். பரமார்த்த குருவுக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஒரு நாள் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. ஆறு விழித்திருந்தால் ஆபத்து என்று, கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துப் பார்க்கிறார்கள். நீர் சீறுகிறது. ஐயோ, இன்னும் தூங்கவில்லை என்று நடுங்கிக் காத்திருக்கிறார்கள். ஒருவழியாகக் கரையேறிய பின் ஒருவன் எண்ணுகிறான். ஐந்து பேர்தான் வருகிறது. அடுத்தவன் எண்ணுகிறான், அப்போதும் ஐந்து. ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது என்று எல்லாரும் ஓலமிட்டு அழுகிறார்கள். எண்ணுகிறவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறான். வழிப்போக்கன் ஒருவன் காசு வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவர் முதுகிலும் தடியால் ஓர் அடி போட்டு, அடிபட்டவன் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று வைத்து, ஆறு பேரையும் கண்டுபிடித்துக் கொடுக்கிறான்.

பிற சமயத்துக் குருமாரை இகழ எழுதினார் என்று சொல்வாரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்த குருக்கள் பேச்சுத் தமிழ் பழகுவதற்கு உதவிய கதை இது. அங்கியணிந்த ஒரு குருவானவர் விளக்கடியில் அமர்ந்து, எழுத்துக் கூட்டி, ஒரு குருவின் அறியாமையைப் படித்து முடிக்கும்போது, அந்த விரல் யாரைச் சுட்டும்? பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆத்தும சோதனை செய்யும் போதெல்லாம் எனக்கு அந்த ஆற்றங்கரைதான் நினைவுக்கு வரும். அண்ணன் செய்தது, மைத்துனன் செய்தது, பங்குப் பேரவையில் இன்னார் பேசியது எல்லாம் சரியாக எண்ணிக்கையில் வந்துவிடும். ஒன்றுமட்டும் குறையும். தன் கண்ணில் உத்தரம் கிடக்க, அடுத்தவன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க வருகிறவனை நம் ஆண்டவர் வருணித்தபோது, கேட்டிருந்தவர்கள் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டா இருந்திருப்பார்கள்?

ஆனால் எல்லாச் சிரிப்பும் இவ்வகையன்று. வீரமாமுனிவர் மறைவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1745-இல், நம் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் சிறைப்பட்டார். எருக்கம்பூ மாலையிட்டு, எருமையின்மேல் ஏற்றி, ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள் என்பது நம் குழந்தைகளும் அறிந்த வரலாறு. அடியும் மிளகுப்பொடியும் உடம்பை வருத்துவதற்கு. எருமை எதற்கு? வழியில் நிற்பவர்கள் பார்த்துச் சிரிப்பதற்குத்தான். அந்தத் தெருவோரங்களில் நின்றவர்களில் நம் முன்னோர் சிலரும் இருந்திருக்கலாம். 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாற்றில் அடக்கம் செய்யப்பட்டார். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, நம் மாவட்டம் முழுவதும் மணி ஒலித்தது. எருமையைப் பற்றி அன்று மேடைகளில் பலரும் பேசினார்கள். பார்த்துச் சிரித்தவர்களைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

நான் அதைப் பேசவேண்டியவன். பூசை தமிழுக்கு வந்த புதிதில், பொதுநிலையினரும் வாசகம் வாசிக்கலாம் என்று ஆயிற்று. எங்கள் ஊரில் பனைத்தொழில் செய்த ஒருவர் இருந்தார். நடுவயதில் இரவுப் பள்ளிக்கூடம் போய் எழுத்துக் கற்றவர். நாங்கள் மாமா என்று அழைப்போம். அவரையும் ஒரு ஞாயிறு வாசிக்க அழைத்தார்கள். வாரம் முழுவதும் பனைமேல் இருந்தபடியே வாசகத்தை உரக்கச் சொல்லிப் பழகினார், கீழே போகிறவர்களெல்லாம் கேட்டார்கள். ஞாயிறும் வந்தது. வெளுத்த வேட்டி, தோளில் நேரியல். அப்போது புனித பவுலைச் சின்னப்பர் என்போம். அவர் நிமிர்ந்து நின்று, "புனித சின்னப்பர் கொழுந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்திலிருந்து வாசகம்" என்று தொடங்கினார்.

கொரிந்தியர் கொழுந்தியர் ஆனதும் இளைஞர் நின்ற பக்கத்திலிருந்து முதல் சிரிப்பு வெடித்தது. அப்புறம் பெண்கள் பக்கம் முந்தானைகள் வாய்க்குப் போயின. அவர் நிறுத்தவில்லை. மீதி வாசகத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் வாசித்து முடித்தார். அன்று வாசித்த பகுதி எது என்று இப்போது ஒருவருக்கும் நினைவில்லை.

பிறகு அவர் வாசிக்க ஏறவே இல்லை. பங்குச் சாமியார் இரண்டு மூன்று முறை நேரில் கேட்டும், "கண்ணு தெரியல்ல சாமி" என்று சொல்லிவிட்டார். உச்சிப் பனையில் பாளையின் நுனியைத் தரையிலிருந்தே பார்த்துச் சொல்லும் கண் அது. வருடங்கள் சென்று அவர் இறந்தபோது, அடக்கத்துக்கு வந்த நானும் என் பள்ளித்தோழன் ஒருவனும் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நின்று, அன்று சிரித்தவர்கள் யார் யார் என்று பெயர் பெயராக எண்ணினோம். ஒன்பது பெயர் வந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பதினொன்று என்று அவன்தான் முதலில் சொன்னான்.

யூபிலிப் பூசையில் வாசகம் வாசிக்க இவ்வாண்டு என்னை நியமித்திருக்கிறார்கள். கொரிந்தியருக்கு எழுதப்பட்ட திருமுகமே வந்திருக்கிறது. மூன்று நாளாக வீட்டில் வாய்விட்டுப் படித்துப் பழகி வருகிறேன். நேற்று மாலை அடுக்களையிலிருந்து என் மனைவி கேட்டாள்:

"இதென்ன, கொழுந்தியாளுக்கா கடிதம் எழுதுறிய?"